குறுஞ்செய்தித் தளங்களில் உறவும் வியாபாரமும்: செலவு யார் தலையில் விழுகிறது?

மலேசியாவில் 80 லட்சமோ அதற்கு மேலோ பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்களும் செய்திப் பரிமாற்றச் செயலிகளும் உரிமம் பெற வேண்டும் என்ற ஏற்பாடு 2025 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அந்தச் செய்தியின் தலைப்பை மட்டும் படித்த ஒருவர், ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் சேலைக் கடை வைத்திருந்தாலும் சரி, பட்டர்வொர்த்தில் வீட்டிலிருந்தபடியே முறுக்குப் பிழிந்து விற்றாலும் சரி, ‘அப்படியானால் வாட்ஸ்அப்பில் வியாபாரம் செய்யும் நானும் உரிமம் எடுக்க வேண்டுமா?’ என்று கேட்பது இயல்பு. எடுக்க வேண்டியதில்லை. அந்த உரிமம் தளத்தை நடத்தும் நிறுவனத்துக்குரியது. அதில் எழுதுபவருக்கும் விற்பவருக்கும் உரியதன்று.

இந்தக் கேள்விக்குப் பின்னால் வேறு சில கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. ஆயிரம் பேருக்கு அனுப்பிய விளம்பரம் ஏன் நூறு பேரைக்கூட எட்டுவதில்லை? எக்ஸ் தளத்தில் இரண்டாயிரம் பேர் பின்தொடர்ந்தும் ஏன் ஒரு பதிவை இருபது பேர்தான் பார்க்கிறார்கள்? விலையைக் காட்டாமல் ‘விலைக்கு பிஎம் தெப்பி’ (தனிச்செய்தியில் கேளுங்கள்) என்று எழுதினால் அது ஏன் குற்றமாகிறது? குடும்பக் குழுவில் ஒரே ஒரு விளம்பரம் போட்டதற்கு ஏன் பெரியம்மா குழுவைவிட்டே வெளியேறுகிறார்? தனித்தனியாகத் தோன்றும் இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். தந்தி அனுப்பிய காலத்தில் சொல்லுக்கு இவ்வளவு என்று அனுப்புபவர் பணம் கட்டினார். ஆகவே எண்ணி எழுதினார். இன்று அனுப்புபவருக்குச் செலவு ஏறத்தாழ இல்லை. ஆனால் செலவு மறைந்துவிடவில்லை. படிப்பவரின் நேரமாகவும் கவனமாகவும் இடம் மாறியிருக்கிறது. எழுத்து வரம்பு, மேலனுப்பும் கட்டுப்பாடு, தரவரிசைக் கணிப்பு, நுகர்வோர் சட்டம் ஆகிய அனைத்தும் அந்தச் செலவில் ஒரு பங்கையாவது அனுப்புபவரிடமே திருப்பிக் கொடுக்கும் முயற்சிகள் என்று பார்த்தால், பல குழப்பங்கள் தாமாகவே தெளியும்.

160, 140, 280: எண்கள் வந்த வழி

குறுஞ்செய்தி (எஸ்எம்எஸ்) குறுகியதற்குக் காரணம் கைப்பேசி வலையமைப்பின் கட்டுப்பாட்டுத் தடத்தில் கிடைத்த சிறிய இடம். ஒரு செய்திக்கு 140 பைட்டுகள், அதாவது 1,120 பிட்டுகள்தான் ஒதுக்க முடிந்தது. ஆங்கில எழுத்தொன்றை ஏழு பிட்டுகளில் அடக்கினால் அந்த இடத்தில் 160 எழுத்துகள் கொள்ளும். அது போதுமா என்று 1985இல் ஜெர்மானியப் பொறியாளர் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் தட்டச்சு இயந்திரத்தில் அன்றாட வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை அந்த அளவுக்குள் அடங்கின. முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3ஆம் தேதி பிரிட்டனில் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்தாகப் போனது.

2006இல் டுவிட்டர் தொடங்கப்பட்டபோது அது குறுஞ்செய்தியின் முதுகில் ஏறிப் பயணித்த சேவையாகவே இருந்தது. 160 இடங்களில் 20ஐப் பயனரின் பெயருக்கு ஒதுக்கினார்கள், மிஞ்சியது 140. பின்னர் திறன்பேசியும் இணையமும் பரவி அந்தத் தேவை மறைந்த பிறகும் வரம்பு மறையவில்லை; 2017 நவம்பரில் 280 ஆக இரட்டிப்பானது, அவ்வளவுதான். 2022 அக்டோபரில் ஈலோன் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு அந்நிறுவனத்தை வாங்கி, 2023 ஜூலையில் எக்ஸ் என்று பெயர் மாற்றிய பிறகும் கட்டணம் செலுத்தாத பயனருக்கு 280தான். அதே வகைத் தளங்களில், அந்த ஜூலையிலேயே வந்த திரெட்ஸ் 500 இடமும், புளூஸ்கை 300 இடமும் தருகின்றன. வலையமைப்பு விதித்த எல்லையாகத் தொடங்கியது, இன்று படிப்பவரைக் காக்கும் வேலியாக நிற்கிறது.

தமிழ் எழுத்தின் தனிக் கணக்கு

கணினியைப் பொறுத்தவரை ‘மு’ என்பது ஓர் எழுத்தன்று. ‘ம’ என்ற குறியும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு இடங்கள். புள்ளி வைத்த மெய்க்கும் இரண்டு இடம். உயிரெழுத்துக்கும் ஆய்தத்துக்கும் அகரமேறிய மெய்க்கும் மட்டுமே ஒன்று. ‘ஸ்ரீ’ நான்கு இடங்களைத் தின்னும். ‘மலேசியா’ நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஏழு பிட்டுக்குள் அடங்காத தமிழைக் குறுஞ்செய்தியில் அனுப்பும்போது ஒவ்வோர் இடத்துக்கும் 16 பிட்டுகள் தேவைப்படுகின்றன. ஆகவே 140 பைட்டுகளில் 70 இடங்களே கொள்ளும். பட்டர்வொர்த் முறுக்கு வியாபாரி இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

‘கை முறுக்கு 500 கிராம் 28 ரிங்கிட். பட்டர்வொர்த்தில் நேரில் பெறலாம். ஆர்டர் வெள்ளி வரை.’

இடைவெளிகளையும் நிறுத்தக்குறிகளையும் சேர்த்து இது 87 இடம். குறுஞ்செய்தியாக அனுப்பினால் இரண்டு செய்திகளுக்கான கட்டணம். கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டால் 68 இடம். ஒரே செய்தியில் போய்விடும். இதையே ரோமன் எழுத்தில் எழுதினால் 160 இடம் கிடைக்கும் என்பதால் முழுவதுமே ஒரு செய்திக்குள் அடங்கும். ரோமன் எழுத்தில் தமிழை எழுதும் பழக்கத்தை மொழிப்பற்றுக் குறைவின் அடையாளமாகவே பலர் பேசுகிறார்கள். அன்றைய கைப்பேசிகளில் தமிழ் எழுத்துரு இல்லாததும், இருந்தாலும் கட்டணம் இரட்டிப்பானதும் அந்தப் பழக்கத்தை ஊன்றிவிட்டன என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். அந்தத் தடையை உடைக்கும் முயற்சியும் மலேசியாவிலிருந்தே வந்தது: முரசு அஞ்சலை உருவாக்கிய கோலாலம்பூர் முத்து நெடுமாறனின் செல்லினம் 2005இல் கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுத வழி செய்தது.

எக்ஸ் தளத்தில் கணக்கு வேறு. 280ஆக உயர்த்தியபோது சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகள் ஒவ்வொன்றும் இரண்டு இடமாக எண்ணப்பட்டன. அம்மொழிகளுக்கு வரம்பு 140 ஆகவே நீடித்தது. தமிழ்க் குறிகள் ஒவ்வொன்றும் ஓர் இடமாகவே எண்ணப்படுகின்றன. மேலே கண்ட முறுக்கு விளம்பரம் மூன்று முறை அடங்கி, மேலும் 19 இடம் மிஞ்சும். இணைப்பு முகவரி எவ்வளவு நீளமானாலும் 23 இடமாகவே கணக்கிடப்படும்.

சுருக்கி எழுதும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. மலேசியத் தமிழர் பேச்சில் ரிங்கிட் என்பது ‘வெள்ளி’. ‘28 வெள்ளி, ஆர்டர் வெள்ளி வரை’ என்று எழுதினால் நாணயம் எது, கிழமை எது என்று படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். நீண்ட வாக்கியத்தில் சூழல் காப்பாற்றும். குறுஞ்செய்தியில் சூழலுக்கு இடமில்லை. ஆகவே மேற்கண்ட செய்தியில் ‘ரிங்கிட்’ என்றிருப்பது கிழமைக்கு வழிவிட்ட ஏற்பாடு.

செய்தி போய்ச் சேரும் மூன்று வழிகள்

குறுஞ்செய்தித் தளங்கள் எல்லாம் ஒன்றே என்று எண்ணுவதிலிருந்துதான் பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்குகின்றன. ஒரு செய்தி யாரிடம் போகும் என்பதைத் தீர்மானிக்கும் விதி மூன்று வகைப்படும்.

1. தொடர்பு எண் வழி. மலேசியத் தமிழ் ஊடகங்கள் ‘புலனம்’ என்று எழுதும் வாட்ஸ்அப் இவ்வகை. எண் தெரிந்தால் செய்தி போகும் என்பது பொது நம்பிக்கை. ஆனால் ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலில் 256 எண்கள்தான் சேர்க்க முடியும் என்பதோடு, உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி சேரும். பழைய விற்பனைச் சீட்டுகளிலிருந்தும் கோயில் நன்கொடைப் பட்டியலிலிருந்தும் திரட்டிய எண்களுக்கு அனுப்பியது எங்கே போனது என்று வியப்பவர்களுக்கு விடை இதுவே. மேலனுப்புவதற்கும் கடிவாளம் உண்டு. 2019 ஜனவரி முதல் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது. பலமுறை கைமாறிவந்த செய்தியானால், 2020 ஏப்ரல் முதல் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம்.

2. பின்தொடர்தல் வழி. எக்ஸ், திரெட்ஸ், புளூஸ்கை ஆகியவற்றில் ஒருவர் உங்களைப் பின்தொடர உங்கள் அனுமதி வேண்டியதில்லை. நீங்கள் பதிலுக்குப் பின்தொடர வேண்டியதும் இல்லை. அறிமுகமற்றவர் உங்கள் பேச்சைக் கேட்கத் தாமாக வந்து அமர்கிறார். வந்ததைப் போலவே சொல்லாமல் எழுந்தும் போவார்.

3. பரிந்துரை வழி. இதுதான் பலருக்கும் பிடிபடாதது. தொடக்கத்தில் டுவிட்டர் பதிவுகளை நேர வரிசையில் காட்டியது. 2016 முதல், ஒவ்வொரு பயனருக்கும் எது பிடிக்கும் என்று கணித்து வரிசைப்படுத்தும் முறை வந்தது. பின்தொடர்பவர் எல்லோருக்கும் பதிவு காட்டப்படும் என்ற உறுதி அன்றோடு போயிற்று. பின்தொடராதவருக்கும் காட்டப்படும் வாய்ப்பு அன்றே பிறந்தது.

அந்தக் கணிப்பு எப்படி நடக்கிறது என்பதை ஓரளவு எட்டிப் பார்க்கும் வாய்ப்பு 2023இல் கிடைத்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் டுவிட்டர் தன் பரிந்துரை நிரலின் ஒரு பகுதியைப் பொதுவெளியில் வைத்தது. அடுத்த சில நாட்களில் வெளியான விவரக் குறிப்பில், பயனர் ஒரு பதிவுக்கு எப்படி எதிர்வினை காட்டுவார் என்ற நிகழ்தகவு ஒவ்வொன்றையும் எந்த எடையால் பெருக்க வேண்டும் என்ற எண்கள் இருந்தன. விருப்பக்குறி இடுவதற்கு 0.5. மறுபகிர்வுக்கு 1. பதில் எழுதுவதற்கு 13.5. அப்படி எழுதப்படும் பதிலுக்கு மூலப் பதிவை எழுதியவரே எதிர்வினை காட்டும் வாய்ப்பு இருந்தால் 75. மறுபக்கத்தில், ‘இதுபோன்றவற்றைக் குறைவாகக் காட்டு’ என்பது போன்ற வெறுப்புச் செயல்களுக்கு −74; புகார் செய்வதற்கு −369.

இந்த எடைகள் மாறக்கூடியவை; இன்று அதே எண்கள் என்று யாரும் நம்பிக் கணக்குப் போடக் கூடாது. ஆனால் எண்களின் திசை சொல்வது தெளிவானது. உரையாடலாக மாறக்கூடிய பதிவுக்கு வெறும் விருப்பக்குறியைப்போல 150 மடங்கு எடை. புகாருக்கு இடம் தரும் பதிவுக்குப் படுகுழி. ஒரு நாளைக்கு எட்டு முறை ‘சிறப்புத் தள்ளுபடி’ என்று எழுதிவிட்டு, கீழே வந்து கேள்வி கேட்பவருக்கு ஒரு வரி பதில்கூட எழுதாத கடைக் கணக்குகள் ஏன் சோர்ந்து கிடக்கின்றன என்பதற்கு இதைவிட வெளிப்படையான விளக்கம் தேவையில்லை. ஹேஷ்டேக்கைப் பற்றியும் ஒரு சொல்: கிரிஸ் மெசினா 2007 ஆகஸ்டில் முன்மொழிந்தபோது அது ஒரே பொருளைப் பேசுவோரை ஒன்றுகூட்டும் குறியாக இருந்தது. தேருக்குத் தோரணம் கட்டுவதுபோல் ஒரு பதிவின் வாலில் பதினைந்து ஹேஷ்டேக் கட்டுவதால் யாரும் கூடுவதில்லை.

நெருங்கிய உறவும் தூரத்து அறிமுகமும்

தோட்டத் துண்டாடலுக்குப் (பெருந்தோட்டங்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றதற்குப்) பின்னும், ரப்பர் நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பிறகும், லயத்து வீடுகளில் அடுத்தடுத்து வாழ்ந்த குடும்பங்கள் பிறை, சுங்கைப்பட்டாணி, கிள்ளான் என்று சிதறின. ஒரு வீட்டில் உலை கொதித்தால் அடுத்த வீட்டுக்குத் தெரியும் என்றிருந்த நெருக்கத்தை இன்று ஓரளவு மீட்டுத் தருபவை, இல்லாமற்போன தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கும் வாட்ஸ்அப் குழுக்கள். குழுவில் 1,024 பேர்வரை சேரலாம். ஒருவர் காலமானால், ‘இறுதிச் சடங்கு இன்று மாலை 4 மணி’ என்ற ஒரு வரி அரை மணி நேரத்தில் மூன்று மாநிலங்களுக்குப் போய்ச் சேர்கிறது. இங்கே செய்தியின் குறுக்கம் மரியாதைக் குறைவாகத் தோன்றுவதில்லை; எஞ்சியதைச் சொல்ல நேரில் வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

திறந்த தளங்களின் பயன் வேறு வகையானது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வு, புதிய வாய்ப்புகளைப் பற்றிய தகவல் நெருங்கிய நண்பரைவிடத் தூரத்து அறிமுகம் வழியாகவே அதிகம் வருகிறது என்று வாதிட்டது. நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும் என்பது அதன் காரணம். தைப்பூசத்தின்போது பினாங்குத் தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியில் எந்தச் சாலை மூடப்பட்டது என்று எக்ஸ் தளத்தில் அறிமுகமில்லாத ஒருவர் எழுதும் வரி, குடும்பக் குழுவில் வரும் நூறு காலை வணக்கப் படங்களைவிட அந்த நேரத்தில் பயனுள்ளது. ஆனால் அந்த அறிமுகமில்லாதவர் உங்கள் வீட்டுத் துக்கத்துக்கு வரப்போவதில்லை.

இந்த இரண்டையும் கலப்பதே சிக்கலின் தொடக்கம். குழுவில் விளம்பரம் போடுபவர், துக்கச் செய்திக்காகவும் திருமண அழைப்புக்காகவும் உறவினர்கள் திறந்து வைத்திருக்கும் கதவு வழியாகச் சரக்கை உள்ளே தள்ளுகிறார். பெரியம்மா குழுவைவிட்டு வெளியேறியது முறுக்கின் மீதுள்ள கோபத்தால் இருக்காது. அடுத்த துக்கச் செய்தி அதே குழுவில் இருபது விளம்பரங்களுக்கு அடியில் புதைந்துவிடும் என்ற எரிச்சலால் இருக்கலாம்.

அதே செயலியில் இதற்கு நாகரிகமான மாற்று இருக்கிறது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். இருவரும் ஒருவர் எண்ணை மற்றவர் சேமித்து வைத்திருந்தால்தான் தெரியும். பார்க்க விரும்புபவர் தாமாகத் திறந்து பார்ப்பார். தள்ளிவிடும் விளம்பரத்துக்கும் எடுத்துப் பார்க்கும் விளம்பரத்துக்கும் உள்ள வேறுபாடு, வீட்டு வாசலில் நின்று மணியடிப்பதற்கும் கடை முகப்பில் சேலையை விரித்துத் தொங்கவிடுவதற்கும் உள்ள வேறுபாடு.

‘பிஎம் தெப்பி’: மறைத்த விலையின் விலை

மலாயில் ‘தெப்பி’ என்றால் ஓரம். பொருளின் படத்தைப் போட்டு, விலையைச் சொல்லாமல், ‘தனிச்செய்தியில் ஓரமாக வந்து கேளுங்கள்’ என்பதே ‘பிஎம் தெப்பி’. விற்பவருக்கு இதில் காரணங்கள் உண்டு: போட்டியாளர் விலையைப் பார்த்துவிடுவார், விலையைக் கண்டதும் வாடிக்கையாளர் ஓடிவிடுவார், பேச வைத்தால் வாங்க வைக்கலாம். நடைமுறையில் உரையாடல் இப்படித்தான் போகிறது:

‘அக்கா, முறுக்கு இருக்கா?’
‘இருக்கும்மா. எத்தனை டின் வேணும்?’
‘ஒரு டின் எவ்வளவுக்கா?’
‘28 வெள்ளிம்மா.’
‘பிறைக்குக் கொண்டு வந்து குடுப்பீங்களா?’
‘இல்லம்மா, பட்டர்வொர்த்துல வந்து எடுத்துக்கணும்.’
‘சரிக்கா, வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்.’

ஏழு செய்திகள். முன்பு கண்ட 87 இட விளம்பரத்தில் இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை இருந்தது. நாற்பது பேர் கேட்டால் 280 செய்திகள். அவற்றில் 120ஐ மாவு பிசையும் கையைத் துடைத்துவிட்டு விற்பவரே தட்டச்சு செய்கிறார். படிப்பவர் தலையில் இறக்கிவைக்க நினைத்த செலவு எழுதியவரிடமே திரும்பிவிடுகிறது.

பெரிய நிறுவனங்களிடம் வாட்ஸ்அப் இந்தக் கணக்கை வெளிப்படையாகவே கேட்கிறது. 2018 ஜனவரியில் சிறு வியாபாரிகளுக்காக வந்த வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் பொருட்பட்டியல், விரைவுப் பதில், பெயர்ச்சீட்டு ஆகியவை இலவசம். பெருநிறுவனங்களுக்கான சேவையிலோ, வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம்வரைதான் விரும்பியபடி பதில் எழுதலாம். அதற்குப் பின் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வார்ப்புருச் செய்தியை மட்டுமே அனுப்ப முடியும். விளம்பர வார்ப்புருவுக்குக் கட்டணம் உண்டு. கேட்டவருக்குப் பதில் சொல்வது இலவசம், கேளாதவரிடம் பேசுவதற்குக் காசு. தந்தி அலுவலகத்தின் நியாயம் வேறு உருவில் திரும்பியிருக்கிறது.

சட்டம் எங்கே நுழைகிறது

உரிமம் தேவையில்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்றாகாது. சிறு வியாபாரியையும் குழு நிர்வாகியையும் தொடும் விதிகள் இவை.

1. விலையும் அடையாளமும். மின்வணிகப் பரிவர்த்தனைக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிமுறைகள் 2012இல் இயற்றப்பட்டு, 2024இல் புதிதாக மாற்றி எழுதப்பட்டன. 2012 பட்டியலின்படி இணையத்தில் விற்பவர் எட்டுத் தகவல்களைக் காட்ட வேண்டும்: வணிகத்தின் பெயர், இருந்தால் பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள், அனுப்பும் செலவு உட்பட முழு விலை, பணம் செலுத்தும் வழி, நிபந்தனைகள், கையில் கிடைக்க ஆகும் காலம். ‘பிஎம் தெப்பி’ இதன் ஐந்தாவது அம்சத்தை நேரடியாக மீறுகிறது. உள்நாட்டு வாணிப அமைச்சு இதைப் பலமுறை எச்சரித்திருக்கிறது.

2. கணக்கு உங்கள் பெயரில் இருந்தால், எழுதியவர் நீங்களே. 2012 ஜூலை 31 முதல் நடப்பிலுள்ள சான்றுச் சட்டத்தின் 114ஏ பிரிவு, ஒரு பதிப்பில் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ யாருடைய பெயர், படம் அல்லது புனைபெயர் காணப்படுகிறதோ அவரே அதை வெளியிட்டார் என்று அனுமானிக்கிறது. இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை அவருடையது. கடைக் கணக்கின் கடவுச்சொல்லைப் பகுதிநேரமாக வேலைக்கு வந்த பையனிடம் கொடுத்துவிட்டு, அவன் போட்டியாளரைப் பற்றி எழுதியதற்குத் தாம் பொறுப்பில்லை என்று சொல்ல நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

3. வசையும் தொந்தரவும். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு, பிறரைத் துன்புறுத்தும் நோக்குடன் அனுப்பப்படும் பொய்யான, அச்சுறுத்தும் அல்லது ஆபாசமான உள்ளடக்கத்தைக் குற்றமாக்குகிறது. 2025 பிப்ரவரி 11 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தால், உச்ச அபராதம் 50 ஆயிரம் ரிங்கிட்டிலிருந்து 5 லட்சம் ரிங்கிட்டாகவும், சிறைத் தண்டனை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாகவும் உயர்ந்தன.

4. மருந்து விளம்பரம். கஷாயம், லேகியம், மூலிகைப் பொடி விற்பவர்கள் தவறாமல் படிக்க வேண்டிய சட்டம் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம். நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, உயர் இரத்த அழுத்தம், மலட்டுத்தன்மை உள்ளிட்ட 20 நோய்களைக் குணப்படுத்தும் அல்லது தடுக்கும் என்று விளம்பரம் செய்வதை அது தடை செய்கிறது. ‘சர்க்கரை நோய் 30 நாளில் போய்விடும்’ என்ற ஒரு வரி, அது ஸ்டேட்டஸில் 24 மணி நேரமே இருந்தாலும், விளம்பரமே.

5. பெறுபவரின் மறுப்புரிமை. 2013 நவம்பர் 15 முதல் நடப்பிலுள்ள 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பயன்பாட்டுக்காகத் திரட்டப்படும் தரவைக் கட்டுப்படுத்துகிறது; குடும்பக் காரியங்களுக்கான எண் பட்டியலை அது தொடுவதில்லை. அதன் 43ஆம் பிரிவின்படி, நேரடி விளம்பரத்துக்குத் தம் தரவைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒருவர் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளலாம். திருமணப் பத்திரிகை அனுப்பத் திரட்டிய எண்களை அடுத்த மாதமே காப்புறுதி விற்கப் பயன்படுத்தும் பழக்கம், குடும்பக் காரியத்திலிருந்து வணிகத்துக்குள் கால் வைக்கும் இடம் சரியாக இதுதான்.

நம்பிக்கையைத் திருடுவோர்

மோசடிக்காரரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்: அனுப்பச் செலவில்லை, ஆயிரத்தில் ஒருவர் ஏமாந்தால் போதும். வாட்ஸ்அப்பில் ‘திருமண அழைப்பு’ என்று வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) திறந்தால் கைப்பேசிக்குள் வருவது அழைப்பிதழ் அல்ல, வங்கிக் குறியீடுகளைப் படிக்கும் செயலி. ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணைத் தவறாக உங்களுக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லித் திருப்பிக் கேட்பவர், உங்கள் கணக்கையே கேட்கிறார். அவர் உங்கள் சித்தப்பாவின் எண்ணிலிருந்தே எழுதினாலும் அப்படித்தான், ஏனெனில் சித்தப்பாவின் கணக்கு அதற்கு முன்பே பறிபோயிருக்கலாம். முன்பின் தெரியாத விற்பனையாளருக்குப் பணம் அனுப்பும் முன் அவரது வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தேடிப் பார்க்கலாம். பணம் போய்விட்டது தெரிந்தவுடன் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் தடுப்பதற்குக் கிடைக்கும் அவகாசம் மிகச் சிறியது.

நடைமுறையில் ஒரு சிறு வியாபாரி

முறுக்கு வியாபாரியின் பண்டிகைக் காலத்தை எடுத்துக்கொண்டால் இவ்வளவும் எளிய சில ஏற்பாடுகளாகச் சுருங்கும். வியாபாரத்துக்குத் தனி எண். குடும்பக் குழுக்கள் பழைய எண்ணிலேயே இருக்கும். பொட்டலத்தில் ஒட்டும் சீட்டில் அந்த எண்ணோடு, ‘அடுத்த தீபாவளிக்கு விலை தெரிய வேண்டுமானால் இந்த எண்ணைச் சேமித்து, வணக்கம் என்று ஒரு செய்தி அனுப்புங்கள்’ என்ற வரி. அப்படி எழுதியவர்கள் மட்டுமே ஒலிபரப்புப் பட்டியலில். திறந்த தளத்தில் விலையோடு ஒரு பதிவு, அதன் கீழே வரும் கேள்விகளுக்கு அன்றே பதில். பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பு பட்டியலுக்கு ஒரு செய்தி. ஆர்டர் முடியும் முன் இன்னொன்று. அதற்கு மேல் வேண்டாம்.

‘இனி அனுப்ப வேண்டாம்’ என்று பதில் எழுதியவரின் எண்ணை அன்றே பட்டியலிலிருந்து எடுப்பதோடு, அந்த எண்ணைத் தனியே ஒரு குறிப்பேட்டிலும் எழுதி வைக்க வேண்டும். எடுத்துவிட்ட எண், அடுத்த ஆண்டு பழைய விற்பனைச் சீட்டுகளிலிருந்து பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கும்போது, யாரும் கவனிக்காமல் மறுபடி உள்ளே வந்துவிடுவது வழக்கம்.